நாலாம் வார்டின் சிவப்பு நூல்

"இந்த ஃபேன் கூட வாய்தா கேக்குது" என்று, விட்டுவிட்டுச் சுற்றிய ஃபேனைப் பார்த்து வக்கீலம்மா சொன்னார். சாட்சி சொல்ல வந்திருந்த ஓய்வுபெற்ற நர்ஸ் சிரிக்கவில்லை. மூலையில் தட்டச்சுப் பெண் விரல்களைத் தயாராக வைத்திருந்தாள்.

"ஒருத்தரையும் நாங்க கொல்லலியே வக்கீலம்மா. தாயும் பிள்ளையும் நல்லபடியாத்தான் வீட்டுக்குப் போனாங்க. இதைப் போய் இனப்படுகொலைன்னா எப்படி?"

"கொன்னாத்தான்னு இல்லை சிஸ்டர். ஒரு இனத்தை, அந்த இனமா இருக்கிறதுக்காகவே, முழுசாவோ ஒரு பகுதியாவோ அழிக்கிற நோக்கத்தோட அவங்களுக்குப் பிள்ளை பிறக்காம தடுத்தாலும் சட்டத்துல அதே பேருதான். ஆபரேஷனுக்கு ரிக்கார்டு இருக்கு. நோக்கத்துக்குத்தான் சாட்சி இல்லை. அவங்க உடம்புக்கு ஆகாதுன்னுதான் செஞ்சேன்னு பெரிய டாக்டர் சொல்றார்."

நர்ஸ் கைப்பையை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசினார்.

"அவர்தான் சிவப்பு நூல்கண்டு ஒண்ணு குடுத்தார். எங்க நாலாம் வார்டுல ஆத்தங்கரை ஜனங்களோட கட்டில் கால்ல கட்டணும். அவங்க பாஷை தெரிஞ்ச ஆளு வந்து பேசுவாங்க, அதுக்கு அடையாளம்னார். நல்ல காரியம்னு நானும் கட்டினேன். யாரும் வரல. சிசேரியன் முடிஞ்சதும் கேக்காமலே கருக்குழாயையும் கட்டிட்டாங்க."

"இனத்துக்காகத்தான்னு எப்பத் தெரிஞ்சுது?"

"ஒருநாள் பழைய நூலை அவிழ்க்க மறந்துட்டேன். அந்தக் கட்டில்ல நம்ம பொண்ணு ஒருத்தி வந்து படுத்தா. அவளுக்கும் பண்ணிட்டாங்க. டாக்டர் என்னை வார்டு நடுவுலயே அறைஞ்சார். 'நம்ம பொண்ணைக் கெடுத்துட்டியேடி பாவி'ன்னார்."

தட்டச்சுச் சத்தம் நின்றது.

"மறுநாளும் நான் நூல் கட்டினேன். இன்னும் ரெண்டு வருஷம் கட்டினேன். இப்பெல்லாம் பள்ளிக்கூடம் விடற நேரத்துல சன்னலைச் சாத்திடறேன். தெருவுல போற பிள்ளைங்களை விட, பிறக்காத பிள்ளைங்க சத்தம்தான் பெரிசா கேக்குது."

வக்கீலம்மா குரலைத் தாழ்த்தினார். "அவர் உங்களை அறைஞ்சு சொன்ன வார்த்தை ஒண்ணே நோக்கத்துக்குச் சாட்சி. தெரிஞ்சும் கட்டினேன்னு சொன்னா உங்க மேலயும் வழக்கு வரும். யோசிச்சுச் சொல்லுங்க."

நர்ஸ் தட்டச்சுப் பெண்ணைப் பார்த்தார். வந்தபோது "உக்காருங்க" என்று அவள் சொன்ன இழுப்பிலேயே ஆற்றங்கரைப் பெண் என்று தெரிந்திருந்தது.

"கூடப் பிறந்தவங்க எத்தனை பேரு கண்ணு?"

"நான் ஒருத்திதான். எனக்கு அப்புறம் அம்மாவுக்கு உண்டாகவே இல்லை." அவள் நிமிரவில்லை. "நானும் நாலாம் வார்டுலதான் பிறந்தேன்."

கடவுள் மன்னிப்பாரா என்று நர்ஸ் பல வருடங்களாகக் கேட்டு வந்தார். இன்று அதைக் கேட்கத் தோன்றவில்லை.

"எழுதும்மா. மறுநாள் கட்டினதையும் எழுது."

எழுதினாள். சாட்சிக்கு வாசித்துக் காட்டிய பிறகே பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குவது அங்கே வழக்கம். அவள் ஒரு வரியும் விடாமல், குரலை உயர்த்தாமல் வாசித்தாள். நர்ஸ் பேனாவை ஊன்றியதில் தாள் நழுவியபோது, தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து அமர்ந்து, தாளின் ஓரத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள்.

"இன்னும் மூணு பக்கம் இருக்கும்மா" என்றாள். "மெதுவாவே போடுங்க."