நான்கு மணித் தொடரின் பச்சைக் கூஜா

1986 மார்ச்சில், ஒஹாயோ ஆற்றங்கரையில் இருக்கும் வெல்டன் ஊரில், தொலைக்காட்சிக்குள் இருந்த ஒரு கண்ணாடிக் கூஜா ஆர்டித் க்ராப்ட்ரீயின் சமையலறை மேசைக்கு வந்து சேர்ந்தது. அதில் பாதி அளவுக்கு எலுமிச்சைச் சாறு இருந்தது. சில்லிப்பு போகவில்லை.

ஆர்டித் இருபத்திரண்டு வருடம் உள்ளூர்க் கண்ணாடி ஆலையில் சரக்கைப் பரிசோதித்தவள். ஆலை மூடிய பிறகு, பழைய கண்ணாடி சேகரிப்போர் சங்கத்தின் மாதமடலில் எழுதிவந்தாள். வசனத்துக்கு வசனம் பின்னணியில் கூட்டம் சிரிக்கும், முப்பது வருடப் பழைய நகைச்சுவைத் தொடர் ஒன்று தினமும் மாலை நான்கு மணிக்கு மறுஒளிபரப்பாகும். அதில் வரும் வீட்டில் தெரியும் கிண்ணம் எந்த ஆலையில் செய்தது, எந்த வருடத்தது என்று வாசகர்கள் கேட்பார்கள். கறுப்பு வெள்ளைப் படத்திலேயே இது பச்சை, இது ரோஜா நிறம் என்று அவள் சொல்லிவிடுவாள். ஒருமுறைகூடத் தவறியதில்லை. அன்று "தேன்கூட்டு வார்ப்பு, பச்சை, முப்பத்திரண்டாம் வருஷம்" என்று வாய்விட்டுச் சொன்னாள், கூஜா வந்துவிட்டது. திரையில் அந்தத் தொடரின் அம்மா வெறுங்கையைச் சாய்த்து விருந்தாளிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கோடை பிறப்பதற்குள் பால்வெள்ளைக் கிண்ணங்கள், மிட்டாய்த் தட்டு, கோழி வடிவ வெண்ணெய்ச் சிமிழ் என்று நாற்பத்தொரு சாமான்கள் வந்துவிட்டன. ஆலையில் அவளோடு வேலை பார்த்த பக்கத்து வீட்டு லவோன் வந்து பார்த்தாள். "அடியே, அப்படியே அந்த ஃப்ரிட்ஜையும் கூப்பிடேன். என்னுது ஒரு மாசமா முனகுது" என்றாள். ஆர்டித்தின் கணவன் ஓரினுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"அந்தப் பொம்பளை தேடுறா, ஆர்டித். அலமாரியத் தெறந்து தெறந்து பாக்குறா."

"அவ நடிகை. செத்துப் பத்து வருஷமாச்சு."

"அதத்தான் நானும் சொல்றேன்."

ஆகஸ்டில் அந்த அம்மா தேடுவதை நிறுத்திவிட்டாள். மற்றவர்கள் வசனம் பேசிக்கொண்டிருக்க, அவள் மட்டும் திரைக்கு அருகில் வந்து நின்று ஆர்டித்தின் வீட்டை நோட்டம் விட்டாள். ஆர்டித் பெட்டியை அணைத்தாள். மின்கம்பியைப் பிடுங்கினாள். அந்த அம்மா அப்படியே நின்றாள். "சுவர்க் கடிகாரம், வாதுமை மரம், கல்யாணப் பரிசு" என்றாள். சுவரில் ஆணி மட்டும் மிஞ்சியது. மறுநாள் தையல் இயந்திரம் போனது. வியாழக்கிழமை அந்த அம்மா, நாற்காலியில் இருந்த ஓரினையே நெடுநேரம் பார்த்தாள். "எந்திரி, வெளிய ஓடு!" என்று ஆர்டித் கத்தினாள். அவன் ஒரு காலைச் செருப்பில் நுழைப்பதற்குள் அந்த அம்மா "புருஷன்" என்றாள். செருப்பு வெறுமையாகக் கிடந்தது.

திரையில் ஓரின், பாத்திரமே இல்லாத மேசையில், தொடையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். ஷெரிஃப் வந்து பார்த்துவிட்டு, "ஆள் நல்லாத்தான் தெரியுறார்" என்று எழுதிக்கொண்டு போனார். ஆர்டித், "ஓரின் க்ராப்ட்ரீ, இருபத்தொண்ணுல பொறந்தது, இடது முழங்கையில உலை சுட்ட தழும்பு" என்றாள். அவன் பாதி எழுந்தான். அந்த அம்மா அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். "என் சாமானெல்லாம்?" என்று கேட்டாள்.

லவோன்தான் சொன்னாள்: "சரியாச் சொன்னா வருதுல்ல? தப்பாச் சொல்லிப் பாரு."

"நான் தப்பாச் சொன்னதே இல்லடி."

"புருஷன் வேணுமா, பேரு வேணுமா?"

ஆர்டித் நாற்பத்தொரு சாமான்களையும் வரிசையாக வைத்து, நாற்பத்தொரு பொய் சொன்னாள். பச்சைக் கூஜாவை நீலம் என்று சொல்வதற்கு அவளுக்கு அரைமணி நேரம் பிடித்தது. ஒவ்வொன்றாக மறைந்தன. எழுதியதெல்லாம் தவறு என்று மாதமடலுக்கும் எழுதிவிட்டாள்; சங்கம் அவள் பெயரை நீக்கியது. பிறகு ஓரினின் பெயரை மறுபடி சொன்னாள். அந்த அம்மா தன் அலமாரியை எண்ணிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள்.

ஓரின் நிறமில்லாமல் வந்தான். முகம், சட்டை, நாக்கு எல்லாம் சாம்பல். டாக்டர் பரிசோதித்துவிட்டு இரத்த அழுத்தம் பரவாயில்லை என்றார். தேவாலயத்து விருந்தில் அவன் "உருளைக்கிழங்க இப்படித் தள்ளுங்க" என்றபோது, சுவருக்குள்ளிருந்து முந்நூறு பேர் சிரித்தார்கள். பாதிரியார் கரண்டியைத் தவறவிட்டார். இப்போது அவன் எது கேட்டாலும், சிரிப்பு ஓயும்வரை எல்லோரும் காத்திருந்து, பிறகு பாத்திரத்தை நகர்த்துகிறார்கள்.