லிபோரியோ தெர்ரானாவுக்கு ஒதுங்கிய சாலை

1958ஆம் ஆண்டு மே மாதம் இரண்டாம் ஞாயிறு, காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு, எங்கள் ஊர் காஸ்தெல்மூரோவின் மூன்றாவது வளைவு லிபோரியோ தெர்ரானாவின் காருக்காக இரண்டு முழம் ஒதுங்கி வழிவிட்டது. அன்று கத்தரிக்காய் கிலோ அறுபது லீரா, மழை இல்லை. சர்ச் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் உள்ளே போகிறவருக்கு முழங்காலை ஒதுக்கிக்கொள்வதுபோல அந்த வளைவு தன்னை ஒதுக்கிக்கொண்டது. சாலை மட்டும் நகரவில்லை. அதையொட்டிய கைப்பிடிச் சுவர், சுவரையொட்டிய நுன்ஸியாத்தாவின் வீடு, வீட்டுக்குள் அடுப்பு, அடுப்பின் மேல் கொதித்துக்கொண்டிருந்த தக்காளிக் குழம்பு எல்லாம் சேர்ந்தே நகர்ந்தன. கார் போனதும் அத்தனையும் பழைய இடத்துக்குத் திரும்பின, குழம்பில் பாதியைத் தவிர. சிசிலி மலைகளைச் சுற்றிவரும், சுற்றுக்கு எழுபத்திரண்டு கிலோமீட்டர் ஓடும் பந்தயத்தில், பத்துச் சுற்றும் முடித்து, லிபோரியோ அன்று முதல் பரிசு வாங்கினான். பந்தயத்துக்கு முன்னால் நகராட்சி ஒட்டுகிற நோட்டீஸில் குழந்தைகளையும் கழுதைகளையும் கட்டிப்போடுங்கள் என்று வழக்கமாக இருக்கும். அடுத்த வருடத்திலிருந்து வளைவோரத்து வீடுகளில் அடுப்பில் எதையும் வைக்க வேண்டாம் என்று ஒரு வரி சேர்ந்தது.

இதில் எங்களுக்கு ஒன்றும் ஆச்சரியமில்லை. ரேஸ்காரன் ஆவதற்கு முன் லிபோரியோ ஆறு வருடம் அதே மலையில் பால் வண்டி ஓட்டினான். எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும், கதவு திறந்தே கிடந்தாலும், வாசலில் நின்று "வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கால் வைப்போம். லிபோரியோ வளைவுகளிடமும் அப்படியே கேட்டான். ஒரு சுற்றில் எழுநூறு வளைவுகள், எழுநூறு "வரலாமா". ஆறு வருடம் இப்படி ஒருவன் கேட்டால் கல்லுக்கே மனசு இளகும். இது தார் ரோடு. மருந்துக்கடைக்காரரின் பழைய ஸ்போர்ட்ஸ் காரை அவன் முதன்முதலாகப் பந்தயத்தில் ஓட்டிய அன்றே, சாலை அவனை வீட்டு ஆளாக நினைத்துவிட்டது.

வெற்றியைப் பார்த்து வடக்கேயிருந்து ஒரு கார் கம்பெனி அவனை வேலைக்கு எடுத்தது. ஊரைத் தாண்டினால் கதையே வேறு. பிரான்சில் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தில் பதினோராவதாக வந்தான். ஜெர்மனியில் காட்டுக்குள் ஓடும் பந்தயத்தில், ஒரு வளைவு ஒதுங்கும் என்று நம்பி நேராகப் போய், வேலியை உடைத்துக்கொண்டு பன்றிப் பட்டிக்குள் நின்றான். எந்தப் பன்றிக்கும் காயமில்லை. ஆனால் மே மாதம் வந்தால், எங்கள் மலையில், பத்து வருடத்தில் ஆறு முறை அவன்தான் முதல். கம்பெனி இன்ஜினியர்கள் நாடாவைப் பிடித்து அளந்து பார்த்தார்கள். மற்றவர்கள் ஓட்டினால் சாலை எழுபத்திரண்டு கிலோமீட்டர், லிபோரியோ ஓட்டினால் அறுபத்தெட்டு. படித்தவர்கள், அலட்டிக்கொள்ளவில்லை. எங்கள் பந்தயத்துக்கு மட்டும் அவன் காரில் சின்ன பெட்ரோல் டேங்க் மாட்டி எடையைக் குறைத்தார்கள்.

இந்த ஆறு முறையில் ஐந்து முறை இரண்டாவதாக வந்தவன் யோஸ்ட் வெர்மூலன் என்ற பெல்ஜியக்காரன். நெட்டையன், சிவந்த காது, நல்ல ஓட்டுநர். வேறு நாடுகளில் லிபோரியோவைக் கண்ணுக்கெட்டாத தூரத்தில் விட்டுவிட்டுப் போவான். ஒவ்வொரு மே மாதமும் பயிற்சிக்காக இரண்டு வாரம் முன்னதாகவே வந்து நுன்ஸியாத்தாவின் மாடி அறையில் தங்குவான். அவள் வைக்கிற மத்தி மீன் பாஸ்தாவை மூன்று தட்டு சாப்பிடுவான். 1968இல், பந்தயத்துக்கு நான்கு நாள் முன்னால், அந்தச் சாப்பாட்டு மேஜையில் லிபோரியோவும் எதிரே உட்கார்ந்திருக்க, பெல்ஜியக்காரன் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"லிபோரியோவுக்கு எதுக்குங்க ஸ்டியரிங்? அந்தக் கார்ல ஒரு மூட்டை மாவை ஏத்தி விடுங்க. ரோடு அதையும் ஜெயிக்க வெச்சிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். லிபோரியோவும் சிரித்தான், ஆனால் தட்டிலிருந்ததைத் தொடவில்லை. மறுநாள் பத்திரிகையில் மாவு மூட்டை வந்துவிட்டது. நாற்பத்திரண்டு வயது அவனுக்கு. இந்தப் பந்தயத்தோடு ஒப்பந்தம் முடிகிறது என்று கம்பெனி கடிதம் போட்டிருந்தது. இனி ஒரு மே மாதம் கிடையாது. பத்து வருடம் கார் ஓட்டினோமா, காரில் உட்கார்ந்திருந்தோமா என்று தெரிந்துகொள்ள அவனுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அவன் மனைவி அகோஸ்தினா எங்கள் ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்ப்பவள். ஊரில் எது நடந்தாலும் முதலில் அவள் காதுக்குத்தான் வரும். இது மட்டும் அவன் வாயிலிருந்து வந்தது.

"ரோடு கிட்ட சொல்லப்போறேன். இந்தத் தடவை எனக்கு ஒதுங்க வேண்டாம்னு."

"உங்களுக்குப் பைத்தியமா? வீடு தேடி வர்றதை வேண்டாம்னா அதுக்கு மனசு நோகாதா?"

"நோகட்டும். எனக்குப் பத்து வருஷமா நோகுது."

சனிக்கிழமை விடிந்ததும் அவன் புறப்பட்டான். ஒவ்வொரு வளைவிலும் காரை நிறுத்தி, இறங்கி, தொப்பியைக் கழற்றி, "நாளைக்கு எனக்கு எதுவும் வேண்டாம்மா, நானே பாத்துக்கறேன்" என்று சொன்னான். எழுநூறையும் முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. சாலை ஒன்றும் சொல்லவில்லை. சாலைகள் பேசுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. ஊர்தான் பேசியது. நுன்ஸியாத்தா ஜன்னலிலிருந்து கத்தினாள்: "டேய் லிபோரியோ, பத்து வருஷமா என் பாத்திரத்தை உருட்டினது பத்தலைன்னு இப்ப தோக்கவும் போறியாடா?"

ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பந்தயம் தொடங்கியது. எங்கள் பந்தயத்தில் கார்கள் ஒன்றாகப் புறப்படுவதில்லை. ஒன்று போய் மூன்று நிமிடம் கழித்து அடுத்தது போகும். கடிகாரம்தான் தீர்ப்பு சொல்லும். லிபோரியோ முதலில், அவனுக்குப் பின்னால் வெர்மூலன். பால்கனிகளில் கல்யாணப் படுக்கை விரிப்புகள் தொங்கின. சுவரெல்லாம் சுண்ணாம்பில் லிபோரியோவின் பெயர். அகோஸ்தினா காதில் கருவியை மாட்டிக்கொண்டு எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தாள். எட்டு மணி ஆறு நிமிடத்துக்கு மலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து முதல் அழைப்பு.

"அக்கா, அண்ணன் இப்பதான் தாண்டிப் போனாரு! வளைவு அசையவே இல்ல. சுவத்துல உரசிட்டுப் போறாரு!"

அகோஸ்தினா சிலுவை போட்டுக்கொண்டாள். சாலை சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது. அடுத்த மூன்றாவது நிமிடம் அதே குரல், இரண்டு மடங்கு சத்தத்தில்.

"அக்கா! இப்ப நகருது! பெல்ஜியக்காரனுக்கு நகருதுக்கா!"

எக்ஸ்சேஞ்ச் வாசலில் கூடியிருந்த கூட்டம் ஓவென்று கத்தியது. துரோகம் என்றார்கள் சிலர்; சாலையை உடைத்துப் போடுவோம் என்றார்கள். அகோஸ்தினாதான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள்: "ஏய், கத்தாதீங்க. நம்ம வீட்டுல யாராவது போதும்னு தட்டை மூடினா அந்தக் கரண்டி எங்க போகும்? பக்கத்துல இருக்கற விருந்தாளி தட்டுலதான விழும்? நம்ம ஊரு ரோடு வேற எப்படி இருக்கும்? இவரு பெரிய மனுஷனாட்டம் வேண்டாம்னாரு. அது அப்படியே தூக்கி அந்த நெட்டையனுக்குப் போட்டுடுச்சு." எங்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். லிபோரியோ எழுநூறு வளைவிடம் பேசினான், இந்த ஒன்றை யோசிக்க மறந்துவிட்டான்.

அதன் பிறகு பெல்ஜியக்காரன் நிமிர்ந்த சாலையில் வந்தான், லிபோரியோ கோணல் சாலையில் வந்தான். சுற்றுக்குச் சுற்று இரண்டு பேருக்கும் நடுவே இருந்த மூன்று நிமிடம் குறையவே மாட்டேன் என்றது. லிபோரியோ மூன்றாவது வளைவுக்கு வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். காரின் மூக்கு பள்ளத்தாக்கைப் பார்க்க, பின்பக்கம் நுன்ஸியாத்தாவின் கதவைப் பார்க்க, கார் குறுக்குவாட்டில் வழுக்கிக்கொண்டே வந்து, கடைசி நொடியில் திரும்பி, அவள் வீட்டுச் சுவரிலிருந்து ஒரு விரல் சுண்ணாம்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. நுன்ஸியாத்தா கரண்டியால் ஜன்னலைத் தட்டித் தட்டி, "ஓட்டுறான்டி! பய ஓட்டுறான்டி!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். ஒவ்வொரு சுற்றிலும் அவன் போய் மூன்று நிமிடம் கழித்து, அவளுக்குப் பின்னால் வீடு விருந்தாளிக்காக நகர்ந்தது. குழம்பைப் பற்றி அன்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எட்டாவது சுற்றில் பெட்ரோல் தீர்ந்தது. அந்தச் சின்ன டேங்க் அறுபத்தெட்டு கிலோமீட்டர் சாலைக்குக் கணக்குப் போட்டு மாட்டியது. அவனோ எழுபத்திரண்டு ஓட்டிக்கொண்டிருந்தான். வழக்கத்துக்கு அதிகமாக ஒருமுறை நிறுத்த வேண்டி வந்தது. நாற்பது வினாடி போயிற்று. மெக்கானிக்குகள் அவன் கையைப் பார்த்தார்கள்; கையுறை கிழிந்து தோல் உரிந்திருந்தது. துணி சுற்றப் போனவனைத் தள்ளிவிட்டுக் கிளம்பினான். ஒன்பதாம் சுற்றிலும் பத்தாம் சுற்றிலும் அகோஸ்தினாவுக்கு வந்த அழைப்புகளில் வார்த்தையே இல்லை, கூச்சல்தான். விட்ட நாற்பது வினாடியை அவன் வளைவுக்கு வளைவு பொறுக்கிக்கொண்டு வந்தான்.

மதியம் மூன்று மணி இரண்டு நிமிடத்துக்கு லிபோரியோ எல்லைக்கோட்டைத் தாண்டினான். இனி மூன்று நிமிடம். அதற்குள் பெல்ஜியக்காரன் வராவிட்டால் வெற்றி இவனுக்கு. மொத்தக் கூட்டமும் வினாடிகளை எண்ண ஆரம்பித்தது. நூற்றிருபது என்னும்போது பெண்கள் அழுதுவிட்டார்கள். நூற்றைம்பது என்னும்போது பாதிரியார் மேஜை மேல் ஏறிவிட்டார். நூற்று எழுபத்தேழு. நூற்று எழுபத்தெட்டு. பெல்ஜியக்காரனின் சிவப்புக் கார் சரிவிலிருந்து குதித்தது மாதிரி வந்து கோட்டைத் தாண்டியது. இரண்டு வினாடி. பெல்ஜியக்காரன் ஜெயித்துவிட்டான்.

லிபோரியோ காரின் மட்கார்டில் உட்கார்ந்து கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். வெர்மூலன் மேடைக்குப் போகவில்லை. மாலையோடு வந்தவர்களை விலக்கிவிட்டு நேரே இவனிடம் வந்தான். முகம் வெளுத்திருந்தது. சாலை ஒதுங்குவது எப்படியிருக்கும் என்று ஏழு மணி நேரமாகத் தெரிந்துகொண்டவன் அவன். தொப்பியைக் கழற்றினான். மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று நினைத்தோம். கேட்கவில்லை.

"அந்த மூணாவது வளைவு," என்றான். "எந்த கியர்ல வந்தீங்க?"

லிபோரியோ நிமிர்ந்து பார்த்தான். பத்து வருடத்தில் ஓட்டுநர் ஒருவர்கூட அவனிடம் ஒரு வளைவைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டிருந்தார்கள்.

"மூணு."

"மூணுலயா? பிரேக்?"

"சர்ச்சைத் தாண்டி ஒரே ஒரு தட்டு. அப்புறம் தொடலை."

"தொடலையா! அப்ப பின்பக்கம் விலகுமே, அதை எப்படிப் புடிச்சீங்க?"

லிபோரியோ உரிந்த கையைக் காற்றில் வைத்துத் திருப்பிக் காட்டினான். அழுதுகொண்டே காட்டினான். பெல்ஜியக்காரன் அந்தக் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்து, அதே மாதிரி திருப்பிப் பார்த்தான். தப்பாக வந்தது. இன்னொரு தடவை காட்டச் சொன்னான். பரிசு கொடுக்க வந்த மந்திரி முக்கால் மணி நேரம் மேடையில் காத்திருந்தார்.

நகராட்சிப் புத்தகத்தில் அந்த வருடத்து முடிவு இப்படி இருக்கிறது: முதல் இடம், வெர்மூலன், ஓட்டிய தூரம் அறுநூற்று எண்பது கிலோமீட்டர். இரண்டாம் இடம், தெர்ரானா, எழுநூற்று இருபது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். யாரும் ஆட்சேபிக்கவில்லை. திங்கட்கிழமை காலை லிபோரியோ அகோஸ்தினாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கடற்கரைச் சந்தைக்கு மீன் வாங்கக் கிளம்பினான். ஊர் எல்லையில் முதல் வளைவு, கொஞ்சம் தயங்கி, இரண்டு முழம் ஒதுங்கியது. அவன் சும்மா அதில் போனான். அகோஸ்தினா மத்தி வாங்கலாமா, கணவாய் வாங்கலாமா என்று கேட்டாள்.