இருபத்தேழாம் நம்பர் வீடு

தண்ணி லாரியை நிறுத்திவிட்டு, விறைத்துப்போன குழாயைப் பனியில் இழுத்துக்கொண்டுபோய் இருபத்தேழாம் நம்பர் வீட்டுச் சுவரில் மாட்டினான் கலிங்கோ. வடதுருவத்தை ஒட்டிய அந்த ஊரில் வீடு வீடாக லாரித் தண்ணீர்தான். உள்ளே தண்ணீர் ஏறும்வரை விசில் கேட்கும். தொட்டி நிரம்பினால் நின்றுவிடும். செப்டம்பரிலிருந்து அந்த வீட்டில் ஆளே கிடையாது. குழாய்கள் உறைந்துவிடக் கூடாதென்று ஹீட்டர் மட்டும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே இரண்டு படுக்கையறைகளும் தெரிந்தன.

வெள்ளிக்கிழமை விமானத்தில் தெற்கேயிருந்து ஒரு அதிகாரி வருகிறாராம். இன்றைக்குத் தொட்டியைக் கழுவி வடித்துவிடு, வெள்ளியன்று புதுசாக நிரப்பு என்று ஆபீஸில் உத்தரவு.

அவனுக்கும் அந்த வெள்ளிதான் கெடு. அவன் வீட்டில் மூன்று அறை, பதிமூன்று பேர், சுவரெல்லாம் பூஞ்சை. நாலு மாதக் குழந்தை அலாசிக்கு இரண்டாவது தடவையாக நெஞ்சில் சளி கட்டி, அடுத்த பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் அவன் மனைவி சியாசி அவளை மடியில் வைத்துக்கொண்டு கிடக்கிறாள். குழந்தைக்கென்று தனி அறை காட்டாவிட்டால் தெற்கே ஒரு வளர்ப்புக் குடும்பத்துக்கு அனுப்பிவிடுவோம் என்று குழந்தை நலத்துறைப் பெண் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். போன பிள்ளைகள் எத்தனை திரும்பி வந்தன?

லாரியோடு நேரே கவுன்சில் ஆபீஸுக்குப் போனான். மேயர் யுசிப்பி டீ குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயசைத் தாண்டியவர். அவருடைய அம்மா அலாசி இறந்த மறுமாதம் பிறந்ததால் குழந்தைக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அந்த ஊரில் பெயர் வந்தால் ஆளே வந்த மாதிரிதான். அன்றிலிருந்து குழந்தை அவருக்கு அம்மா. பிடிக்கிற முதல் மீன் அவளுக்குத்தான். அவளைப் பெற்ற முறையில் இருபத்தெட்டு வயசு கலிங்கோ அவருக்குத் தாத்தா.

"வா தாத்தா! மூட்டு வலி எப்படியிருக்கு?"

"நக்கல் அப்புறம் பேரா. அந்த இருபத்தேழாம் நம்பரை எனக்குக் குடு."

"அது ஸ்டாஃப் வீடு."

"ஒன்பது வருஷமா ஊருக்கே தண்ணி ஊத்துறேன். நான் ஸ்டாஃப் இல்லையா?"

"நீ உள்ளூர்க்காரன். வெளியூர்லேர்ந்து எடுத்த ஆளுக்குத்தான் வீடு. அதான் ரூல்."

"எவன் போட்டான் அந்த ரூலை?"

யுசிப்பி டீக் கோப்பைக்குள் பார்த்தார். "நாமதான். ஆட்சி நம்ம கைக்கு வந்தப்ப தெற்கத்திக்காரங்க காகிதத்தையே எடுத்து நம்ம முத்திரையைக் குத்திட்டோம். கை தூக்கினதுல நானும் ஒருத்தன்."

"வர்றவன் அப்படி என்ன கிழிக்கப் போறான்?"

"எந்த வீட்ல எத்தனை பேர் நெருக்கியடிச்சுக் கிடக்கோம்னு கணக்கெடுப்பான். அவன் எழுதினாத்தான் நாப்பது புது வீடு வரும்."

"சரி, உன் அம்மாவை உன் வீட்லயே வச்சுக்கோ."

"தம்பி காசநோய்க்கு மாத்திரை தின்னுட்டுக் கிடக்கான் அங்க. நானே கொன்ன மாதிரி ஆயிடும்." அவர் கண் கலங்கிவிட்டது. மேஜைக்குள்ளிருந்து விரல் நீளமே இருந்த கடல்நாய்த் தோல் குழந்தைக் கையுறைகளை எடுத்துக் கொடுத்தார். "என் பொண்டாட்டி தைச்சது. நாளைக்குக் கூட்டத்துல பேசறேன். எங்கம்மாவை நான் விட்டுடுவேனா தாத்தா?"

அது போதும் கலிங்கோவுக்கு. தன் சொந்தத்தின் பெயரைத் தாங்கிய குழந்தைக்கு இல்லையென்று சொன்னவனை ஊரில் அவன் பார்த்ததில்லை. அன்று மாலை மச்சான், "எங்க பின்னறையை ஒழிச்சுத் தரேன்டா" என்றபோதுகூட, "வேணாம் மச்சான், வீடே கிடைச்சாச்சு" என்று சிரித்தான். புதன்கிழமை அந்த அறைக்கு வேறொரு குடும்பம் வந்துவிட்டது.

வியாழன் முழுக்க யுசிப்பி போனை எடுக்கவில்லை.

வெள்ளியன்று இருபத்தேழாம் நம்பர் வீட்டில் கலிங்கோ குழாயை மாட்டி விசிலைக் கேட்டுக்கொண்டிருந்தபோது மேயரின் வண்டி வந்து நின்றது. பெட்டிகளோடு ஒரு இளைஞன் இறங்கி உள்ளே போனான். யுசிப்பி லாரிப் பக்கம் வந்தார்.

"கூட்டத்துல மூணுக்கு மூணு ஆயிடுச்சு. என் ஓட்டுதான் பாக்கியிருந்துச்சு. இவனுக்கு வீடு இல்லேன்னா நாப்பது வீடும் போச்சு... நான் என்ன செய்யட்டும், கலிங்கோ?"

தாத்தா என்று அவர் சொல்லவில்லை. கலிங்கோ அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து கையுறைகளை எடுத்து அவர் கையில் வைத்தான். அலாசியை ஏற்றிக்கொண்டு தெற்கே போகும் விமானம் ஆஸ்பத்திரி இருந்த ஊரிலிருந்து பத்து மணிக்கே கிளம்பிவிட்டது. சியாசி போனில் அழுதாள்.

அந்த இளைஞன் வெறும் சட்டையோடு வாசலுக்கு வந்தான். நல்ல பையன் போலத்தான் இருந்தான். திறந்த கதவு வழியே வெப்பம் புகையாக வெளியேறியது.

"எனக்கு ஒரு அறையே போதும், இது ரொம்பப் பெருசு!" என்றான். பிறகு கையிலிருந்த அட்டையில் பேனாவை வைத்தான். "உங்ககிட்டயிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்க வீட்டில் எத்தனை பேர்?"

"பதிமூணு," என்றான் கலிங்கோ. விசில் நின்றது. குழாயைக் கழற்றினான்.

"இல்ல. பன்னெண்டு."

பையன் பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டான்.