மூன்று நகங்கள்

வல்லத்து மீனம்பாள் மகளுக்குக் கூறைப்புடவை எடுக்க வந்திருந்தாள். அரக்கு நிறப் பட்டு ஒன்றை விரித்து, முந்தானையை எடுத்துக் காட்டப்போன கிருஷ்ணமூர்த்தியின் வலதுகை மோதிர விரல் நகத்தில் ஓர் இழை மாட்டிக்கொண்டது. மெல்ல விடுவித்திருக்கலாம். பதற்றத்தில் கையை வெடுக்கென்று இழுத்துவிட்டார். ஜரிகைக் கரையை ஒட்டி ஒரு சாண் நீளத்துக்குப் பட்டு சுருங்கிக் கோடு விழுந்தது.

மீனம்பாள் புடவையைப் பார்க்கவில்லை; அவர் கையைப் பார்த்தாள்.

"இன்னா மொதலாளி, அந்தக் கையில நகம் ஒட்ட வெட்டியிருக்குது, இந்தக் கையில மட்டும் வளந்து கெடக்குது. ஏதாச்சும் வேண்டுதலா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கல்லாவில் உட்கார்ந்திருந்த அண்ணன் ராமகிருஷ்ணன் சிரிக்கவில்லை. மீனம்பாள் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிப் போனதும், தம்பியைக் கூப்பிட்டுக் குரலை உயர்த்தாமல் சொன்னார். "வெள்ளிக்கெழம கட தொறக்கசொல்ல அந்த நகம் இருக்கக்கூடாது. இருந்தா நீ பட்டு மெத்தையில உக்காராத."

செஞ்சிக் கடைத்தெருவில் அவர்கள் நைனா தொடங்கிய ஜவுளிக்கடை அது. பட்டுப் புடவைகளை விரித்துக் காட்டுகிற, வெள்ளை விரிப்புப் போட்ட பட்டு மெத்தைதான் கடையின் மரியாதை. அதில் பதினாலு வருஷமாக உட்கார்ந்திருப்பவர் கிருஷ்ணமூர்த்தி. எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர் என்பதால் தலையை மட்டும் ஆட்டினார்.

நகத்துக்குக் காரணம் வேண்டுதல் இல்லை, ஒரு கித்தார். சரக்கு எடுக்கப் பாண்டிச்சேரி போகும்போதெல்லாம் அந்துவான் என்ற பேண்டு வாத்தியக்காரர் வீட்டு வாசலில் நின்று அவர் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு அவரோடு சிநேகமானார். இரண்டு வருஷத்துக்கு முன்பு, அறுபத்து நாலில், அந்துவான் குடும்பத்தோடு பிரான்சுக்குக் கப்பலேறினார். போகிறபோது கித்தாரை இவர் கையில் கொடுத்து, நாலு நாள் உட்கார வைத்து அடிப்படையைக் காட்டிவிட்டுப் போனார். கடைசி நாள் காட்டியது த்ரெமொலோவும் அதில் வாசிக்கிற ஒரு பாட்டும். கித்தாரில் ஒரு தந்தியை மீட்டினால் ஒலி எழுந்த கையோடு தேய்ந்து போகும். அதைத் தேயவிடாமல் மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி மூன்றும் அதே தந்தியை ஒன்றன்பின் ஒன்றாக மீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சரியாக வந்தால் எண்ணெய் ஒழுகுகிற மாதிரி ஒலி அறுபடாமல் நிற்கும். அடியில் கட்டைவிரல் தன் பாட்டுக்கு வேறு தந்திகளில் நடந்துகொண்டிருக்கும். ஒலி தெளிவாக விழ நகம் வேண்டும். அந்துவான் சொன்னபடி மூன்று நகங்களை வளர்த்து, உப்புத்தாளில் தேய்த்து மழமழப்பாக்கி வைத்திருந்தார்.

ஆனால் விரல்கள் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இல்லை. ஆள்காட்டி முந்திக்கொள்ளும். நடுவிரல் ஓங்கி அடிக்கும். மோதிர விரல் எழுந்திருக்கவே சோம்பும். மதியம் கடை சாத்தியபின், கடைக்கு மேலே, பின்கட்டு வீட்டிலிருந்து படியேறிப் போகிற, துணிமூட்டைகள் அடுக்கிய அறையில் ராஜகிரிக் கோட்டை தெரிகிற ஜன்னலோரம் உட்கார்ந்து, சுவர்க்கடிகாரத்தின் ஆட்டத்துக்கு ஒரு விரலாக நாள்தோறும் ஆமை வேகத்தில் வாசித்தார். கொஞ்சம் வேகம் கூட்டினால் போதும், ஓசை ஒன்று தேய்ந்து இரண்டு ஒட்டிக்கொண்டு நொண்டும். மறுபடி ஆமைக்குத் திரும்புவார். இப்படியே இரண்டு வருஷம்.

வியாழக்கிழமை மதியம் பிளேடை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, கடைசியாக ஒரு தடவை என்று கித்தாரை எடுத்தார். மனசு எதையும் எதிர்பார்க்காமல் இருந்ததாலோ என்னவோ, கை தளர்ந்திருந்தது. நாலாவது சுற்றில் நொண்டல் நின்றது. விரல்கள் எங்கே முடிந்து எங்கே தொடங்குகின்றன என்று அவருக்கே தெரியவில்லை. மூச்சை விட்டால் போய்விடுமோ என்று பயந்து வாசித்தார். பாதிப் பாட்டில் போய்விட்டது. ஆனால் வந்தது வந்ததுதான்.

கதவருகே காபி டம்ளரோடு மனைவி ஜானகி நின்றிருந்தாள்.

"வந்துடுச்சே" என்றாள்.

"வந்த அன்னிக்கே வெட்டணும்." பிளேடைக் காட்டினார்.

ஜானகி டம்ளரை வைத்துவிட்டு பிளேடை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "ரெண்டு வருஷமா நொண்டிக் குதிரைய கேட்டு சகிச்சவ நானு. இப்பதான் அது எழுந்து நடக்குது. இப்பப் போயி கால ஒடைப்பீங்களா?"

"அண்ணன் சொல்லிட்டாரு."

"நகத்தோட பட்டுல உக்காராதன்னுதான சொன்னாரு. நீங்க துண்டு, போர்வை பக்கம் போங்க. பட்ட நான் பாத்துக்கறேன்."

கிருஷ்ணமூர்த்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். ஆரணியில் பட்டு வியாபாரம் செய்த வீட்டுப் பெண் அவள். கண்ணை மூடிக்கொண்டு ஜரிகையைத் தடவி நல்லது கெட்டது சொல்வாள். கல்யாணமாகி வந்த பதினெட்டு வருஷத்தில் வீட்டையும் கடையையும் பிரிக்கிற கதவை ஒரு நாளும் தாண்டியதில்லை. இது இன்றைக்குத் தோன்றிய யோசனை இல்லை என்று அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"எத்தினி நாளா நெனச்சிட்டிருக்க?"

"எதுக்கு அதெல்லாம்" என்று ஜானகி டம்ளரை அவர் கையில் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணித் தட்டோடு உள்ளே வந்த ராமகிருஷ்ணன் பட்டு மெத்தையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இது இன்னாடா புதுசா?"

கிருஷ்ணமூர்த்தி போர்வைகளை அடுக்கத் தொடங்கினார். ஜானகிதான் எழுந்து நின்று பேசினாள். "தீபாவளி வரைக்கும் பாருங்க மாமா. சரிப்படலன்னா நானே உள்ள போயிடறேன்."

"ஊரு இன்னா சொல்லும்?"

"ஊருல பாதி பொம்பளைங்கதான மாமா. பட்டு எடுக்கறவங்க அவங்கதான்."

அவர் பதில் சொல்வதற்குள் மீனம்பாள் மகளோடு வந்துவிட்டாள். மெத்தையில் ஒரு பெண் இருப்பதைப் பார்த்ததும் செருப்பை உதறிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஜானகி புடவைகளைக் குவிக்கவில்லை. பெண்ணின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மூன்றே மூன்று எடுத்து, ஒவ்வொன்றாய் அவள் தோளில் போட்டுக் காட்டினாள். நடுவில் இழை இழுத்த அந்த அரக்குப் பட்டையும் கொண்டுவந்து, ஊசி முனையால் சுருக்கத்தை நீவி நீவித் தறியிலிருந்து வந்த மாதிரி ஆக்கினாள். மீனம்பாள் அதையே எடுத்தாள். தனக்கென்று இன்னொன்றும் எடுத்தாள். ஆம்பிளைகளிடம் கேட்கக் கூச்சப்பட்டு இத்தனை வருஷம் கேட்காமல் விட்ட ரவிக்கைத் துணி விஷயம் முழுவதையும் பேசி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அதற்கப்புறம் வல்லத்திலிருந்தும் தளவானூரிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகிற பெண்கள் பஸ் மாறுகிற இடைவெளியில் வந்து விலை விசாரித்துப் போனார்கள். போர்வைப் பக்கம் நிம்மதியாக இருந்தது. அங்கே நகம் பட்டால் போர்வை கவலைப்படாது. ஆள் இல்லாத நேரம் கிருஷ்ணமூர்த்தி மரப்பலகையில் விரல்களை ஓடவிட்டுக்கொண்டிருப்பார். ராமகிருஷ்ணன் நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. தீபாவளி முடிந்த மறுவாரம் மெட்ராசிலிருந்து ஆளுயரக் கண்ணாடி ஒன்று வந்து இறங்கியது. பட்டு மெத்தைக்குப் பக்கத்தில் அதை நிறுத்தச் சொல்லிவிட்டு அவர் கல்லாவுக்குப் போய்விட்டார்.

கார்த்திகையில் ஒரு மழை மதியம். கிருஷ்ணமூர்த்தி முதல்முறையாகப் பாட்டை முழுதாக, எங்கும் நொண்டாமல் வாசித்து முடித்து, நம்பமுடியாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருந்தார். மாடிப்படியில் காலடி கேட்டது. பக்கத்துத் தெரு வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி நாலு மணிக்குத்தான் வருகிற ராமகிருஷ்ணன், மழைக்குப் பயந்து முன்னாலேயே வந்துவிட்டார் போலிருக்கிறது. ஈரத் துண்டைத் தலையில் போட்டபடி கதவருகே நின்று அறையைச் சுற்றிப் பார்த்தார். மூட்டைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இன்னொருத்தரு எங்கடா?"

"யாருண்ணா?"

"கூட வாசிச்சாரே, அவரு."

கிருஷ்ணமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் லேசாகக் கலங்கியது. விட்ட இடத்திலிருந்து வாசித்தார். அண்ணன் கிட்டே வந்து குனிந்து, கட்டைவிரல் போகிற வழியையும் மற்ற மூன்றும் ஒரே இடத்தில் துடிப்பதையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு துணிமூட்டையின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

நாலு மணி அடித்தது. கீழே யாரோ கடைக் கதவைத் தட்டினார்கள். ராமகிருஷ்ணன் எழுந்திருக்கவில்லை. இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மடியில் வைத்து, சத்தம் வராதபடி உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.