மடி திரும்பிய ஞாயிறு

எனக்கு மடி என்று ஒன்று இருந்ததே மறந்துபோயிருந்தது. உட்கார்ந்தால் எனக்கு முன்னால் வயிறு வந்து உட்கார்ந்துவிடும். வைத்த நூல்கண்டு உருண்டு ஓடும். ஒரு தையல்காரிக்கு இதைவிட வேறு தொல்லை வேண்டுமா?

இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக என்னை விட்டுப் போனது. அந்த மாதங்களை அரைத்தூக்கத்தில்தான் கடந்தேன். எனக்கென்று சட்டை வெட்டினால் கை தன் பாட்டுக்குப் பழைய அளவையே வெட்டிவிடும். போட்டுப் பார்த்தால் உள்ளே இன்னொருத்தி குடித்தனம் நடத்தலாம். என்னையே திட்டிக்கொண்டு பிரித்துத் தைப்பேன்.

ஒன்று மட்டும் மாறவில்லை. என் கால் எனக்கு எட்டாது என்பதால் ஞாயிறுதோறும் தங்கை நகவெட்டியோடு வருவாள். தரையில் உட்கார்ந்து என் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வெட்டியபடியே தன் மாமியார் முதல் ஆபீஸ் மேனேஜர் வரை எல்லாரையும் ஒரு பிடி பிடிப்பாள். என் முகத்தைப் பார்த்துப் பேசச் சொன்னால் அதில் பாதிகூட வாயில் வராது.

அந்த ஞாயிறு காலை, விழுந்த ஊசியை எடுக்கக் குனிந்தேன். கால் கட்டைவிரல் கைக்கு வந்தது. ஜன்னல் வெயிலில் தூசி மெல்ல மிதந்துகொண்டிருந்தது. நூல் வெட்டும் கத்தரியால் எல்லா நகங்களையும் நானே வெட்டினேன். சந்தோஷத்தில் அழுகை வந்தது. கடைசி நகம் விழுந்த பிறகுதான் அந்த நினைப்பு வந்தது. இனி அவள் எதற்கு வருவாள்?

வந்தாள். வழக்கம்போல் தரையில் உட்கார்ந்து என் காலை இழுத்தவள் நகங்களைப் பார்த்தாள்.

"யாரு வெட்டிவிட்டதுக்கா?"

"நான்தான். குனிஞ்சேன், எட்டிருச்சு."

ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"கோணல்மாணலா வெட்டியிருக்க. துணிய மட்டும்தான் நேரா வெட்டுவ போல." நகவெட்டியை மடக்கினாள். "அப்ப எனக்கு இங்க வேலையில்ல."

"வேலை இல்லன்னா வரமாட்டியா?"

எழுந்து, என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். திரும்பி, இரண்டு கால்களையும் தூக்கி என் மடியில் போட்டாள். குதிகால் முழுக்க வெடிப்பு. இத்தனை வருடத்தில் அவள் பாதத்தை நான் பார்த்ததே இல்லை.

"எத்தன வருஷம் நான் வெட்டினேன். இப்ப நீ வெட்டு."

நகவெட்டியை வாங்கிக்கொண்டேன்.

"சரி, சொல்லு. இந்த வாரம் உன் மாமியார் என்ன சொன்னாங்க?"