ஒன்பதாம் கோளில் செத்தால் பிறந்த வீடு

ஒன்பதாம் கோளில் சாகிறவர்கள் அவரவர் பிறந்த வீட்டில் எழுந்திருப்பார்கள். சண்முகக்கனி கோவில்பட்டியில் எழுந்திருப்பாள்.

சூலூரில் அவளைக் கட்டிக்கொடுத்துப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. புருஷன் தங்கவேல் ஒரு மோட்டார் பட்டறையில் சூப்பர்வைசர். அந்த வீட்டில் கல்யாணத்துக்கு முன்பே ஓர் அணி இருந்தது. தங்கவேல் தலைவன். அவன் தம்பி கதிர்வேல் கேடயம் பிடிப்பவன். அவர்களுடைய அம்மா ருக்குமணி தூரத்திலிருந்து குறி பார்த்துச் சுடுகிறவர். அடிபட்டவர்களுக்கு மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா மகள் கல்யாணமாகிப் போய்விட்டதால் நாலாவது இடம் காலியாக இருந்தது. பெண் பார்க்க வந்த அன்று ருக்குமணியம்மாள் கனியின் விரல்களை நீட்டச் சொல்லிப் பார்த்தார். "மருத்துவத்துக்கு ஆகும்" என்றார். அடுத்த முகூர்த்தத்தில் தேதி குறித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஒன்பதாம் கோளில் போட்டி நடக்கும். சாப்பாடு முடிந்து, கனி பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, ஹாலில் நாலு பேரும் நாலு கம்ப்யூட்டர் முன்னால் வரிசையாக உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொள்வார்கள். கோளில் இரண்டு சூரியன்கள், தரையெல்லாம் செம்மணல், நடுவில் ஒரு கோபுரம். இருபது நிமிஷம் முடியும்போது கோபுரத்துக்குள் கதவை அடைத்துக்கொண்டு எந்த அணி நிற்கிறதோ அந்த அணிக்கு வெற்றி. கனியின் கையில் நீல வெளிச்சம் வீசுகிற ஒரு குழல் இருக்கும். அடிபட்டு விழுந்தவன்மேல் அதைப் பிடித்தால் அவன் எழுந்து ஓடுவான். அந்தக் குழலை அவள்மேலேயே பிடித்துக்கொள்ள முடியாது.

தங்கவேலும் கதிர்வேலும் சூலூரில் அந்த வீட்டிலேயே பிறந்தவர்கள். செத்தால் உள்ளறையில் எழுந்து, பத்தடி நடந்து வந்து, மறுபடியும் நாற்காலியில் உட்காருவார்கள். நாற்காலியில் சூடு ஆறியிருக்காது. ஒரே ஆட்டத்தில் தங்கவேல் ஏழு தடவை செத்திருக்கிறான். கனி செத்தால் அப்படி இல்லை. எட்டு மணி நேரம் பஸ்ஸில் திரும்பி வரவேண்டும். அதுவரை அணிக்கு ஓர் ஆள் குறையும், வீட்டில் சமைக்கவும் ஆள் இருக்காது. அதனால் பெண்களைப் பின்னால் நிறுத்திக் காப்பாற்றுவது ஆண்களின் கடமை என்று விதிமுறைப் புத்தகத்திலேயே எழுதியிருந்தது. ஆடி மாதத்தில் எந்த ஊரிலும் போட்டி வைப்பதில்லை. புதுப்பெண்கள் எல்லாரும் வேண்டுமென்றே செத்துவிடுகிறார்கள் என்று ஒருமுறை பெரிய தகராறாகி, அப்படி முடிவு செய்திருந்தார்கள்.

பிறந்த வீடு எது என்பதிலும் குழப்பம் கிடையாது. ஆஸ்பத்திரியில் பிறந்தாலும் சரி, முதலில் எந்த வீட்டில் கொண்டுவந்து கிடத்தினார்களோ அந்த வீடு. அதிலும் கிடத்திய அதே இடம். கனியைக் கிடத்திய இடம் அடுக்களை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே அவள் அம்மாவுக்குச் சமையல் வேலை இருந்தது. அதனால் கனி எப்போது செத்தாலும் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில்தான் எழுந்து நிற்பாள். உடம்போடு இருப்பது மட்டும் கூட வரும். காலில் செருப்பு இருக்காது. அதற்காகவே அம்மா ஒரு ஜோடிச் செருப்பை அடுக்களை மூலையில் வைத்திருந்தாள்.

முதல் தடவை அவள் செத்தது உண்மையிலேயே தவறித்தான். கல்யாணமாகி நாலு மாதம். கண்ணைத் திறந்தபோது அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? சாப்ட்டியா?" என்றாள் அம்மா.

கனி சாப்பிட்டுவிட்டுத்தான் செத்திருந்தாள். ஆனாலும் இல்லை என்றாள். அம்மா தட்டை எடுத்து வைத்தாள். சாயங்காலம்வரை அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். மறுநாள் அண்ணன் ஆறுமுகப்பாண்டி வந்து பஸ் ஏற்றிவிட்டான்.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு மூன்று தடவையாவது கனி செத்தாள். தவறிப்போனதுபோல் சாவதற்கு ஒரு சாமர்த்தியம் வேண்டும். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையில் சாகக்கூடாது, சந்தேகம் வந்துவிடும். அதற்கு அடுத்த வாரம் சாகலாம். கதிர்வேல் கேடயத்தை இறக்கி மூச்சு வாங்குகிற நேரம் பார்த்து ஓரடி விலகி நின்றால் போதும்.

"கொஞ்சம் குனிஞ்சிருந்தாத் தப்பிச்சிருக்கலாமே, கனி" என்பான் தங்கவேல், அவள் திரும்பி வந்ததும்.

"கவனிக்கலைங்க."

"ரெண்டு நாளா ஓட்டல் சோறு. அம்மாவுக்கு வயித்துக்குச் சேரல."

இருபத்தாறு வருஷமாக ருக்குமணியம்மாள் ஒருமுறைகூடச் செத்ததில்லை. சூலூர் வட்டாரத்தில் அவருக்கு இணையாகக் குறி பார்க்கிறவர்கள் யாரும் கிடையாது. ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது கனி அவரிடம் கேட்டாள், எப்படி அத்தை உங்களுக்கு மட்டும் குறி தப்புவதில்லை என்று.

"எங்க வீட்ட இடிச்சு நாலுவழிச் சாலை போட்டுட்டாங்க கண்ணு" என்றார் ருக்குமணியம்மாள். "நாஞ் செத்தா நடுரோட்டுல, லாரி வர்ற எடத்துல எந்திரிப்பேன். போறதுக்கு எடமில்லாதவளுக்குக் குறி தப்பாது."

சொல்லிவிட்டுத் தலையணை உறைகளை நாலாக மடித்து அடுக்கினார்.

ஒரு மாசி மாதத்தில் கனியின் அம்மா செத்துப்போனாள். அம்மா விளையாடுகிறவள் இல்லை. அதனால் எங்கேயும் எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து நாலு மாதம் கழித்துக் கனி செத்தபோது, நேராக நிற்க முடியாமல் சுவருக்கும் ஏதோ இரும்புக்கும் நடுவில் மடங்கிக் கிடந்தாள். சிலிண்டரை வெளியே மாற்றிவிட்டு அந்த இடத்தில் வாஷிங் மெஷின் வைத்திருந்தார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. துணி பிழிந்து முடிக்கும்வரை நகர்த்த முடியாது என்று மதினி கோமதி சொன்னாள். இருபது நிமிஷம் கனி அப்படியே இருந்தாள். முழங்கை சிராய்த்திருந்தது.

வெளியே வந்ததும் மதினி கேட்டாள், "வாரேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுச் சாகக்கூடாதா, கனி? அரிசி அளந்து போட்டாச்சு."

"திடீர்னு சுட்டுட்டாங்க, மதினி."

"எப்பவும் ஒன்னயத்தான் சுடுதாங்க."

அண்ணன் கையில் பேப்பரை வைத்திருந்தான். பக்கத்தைத் திருப்பவில்லை. செருப்பு கொல்லைப்புறத்தில், மழையில் நனைந்து, வார் அறுந்து கிடந்தது. கனி சேப்டி பின்னால் குத்திக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறினாள்.

அதன் பிறகு அவள் சாகாமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். குனியவேண்டிய நேரத்தில் குனிந்தாள். காலடிச் சத்தம் கேட்டே எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று சொன்னாள். ஒரே ஆட்டத்தில் தங்கவேலை ஒன்பது தடவை எழுப்பி நிறுத்தினாள். அணி ஜெயிக்க ஆரம்பித்தது. பட்டறையில் தங்கவேலைக் கூப்பிட்டுக் கைகொடுத்தார்கள். "இப்பத்தான் நம்ம வீட்டுப் பொண்ணாயிருக்கே" என்று அவன் அவளிடம் சொன்னான். கனிக்கு அது பிடித்திருந்தது. அதை நினைத்துக்கொண்டே இரண்டு நாள் சமைத்தாள்.

வட்டார இறுதிப் போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. மேடையில் ஒரு பக்கம் இவர்கள் நாலு பேர், மறுபக்கம் அவிநாசிக் குடும்பம் ஒன்று. கனி பட்டுச்சேலை உடுத்தியிருந்தாள். செல்போனையும் சின்னப் பர்ஸையும் இடுப்பில் செருகியிருந்தாள். அது பழைய பழக்கம்.

ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது கோபுரம் இவர்கள் கையில் இருந்தது. கதிர்வேல் மட்டும் வெளியே அடிபட்டு விழுந்து கிடந்தான். அவன் செத்தால் இரண்டு தெரு தள்ளி வீட்டில் எழுந்து, வண்டியை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வரவேண்டும். அதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். கேடயம் பிடிப்பவன் உள்ளே இருந்தால்தான் கதவு பூட்டிக்கொள்ளும்.

"கனி, போய் அவன எழுப்பு" என்றான் தங்கவேல்.

அவள் ஓடினாள். இரண்டு சூரியன்களும் நேர்மேலே இருந்தன. கதிர்வேலின் நெஞ்சில் நீல வெளிச்சத்தைப் பிடித்தாள். அவன் எழுந்து, கேடயத்தைத் தன் முதுகில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினான். கனி பின்னால் ஓடினாள். அவள் பின்னால் அவிநாசிக் குடும்பத்தின் மூத்த மருமகன் ஓடிவந்தான். கோபுரத்துக்கு மேலே இருந்த ருக்குமணியம்மாளின் துப்பாக்கி ஒருமுறை கனியைத் துரத்தி வந்தவன் பக்கம் திரும்பி, சுடாமல், மறுபடி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டது.

கதிர்வேல் உள்ளே நுழைந்தான். கனிக்கும் வாசலுக்கும் பத்து அடிதான். தங்கவேல் கதவின் நெம்புகோலில் கை வைத்தது அவளுக்குத் தெரிந்தது.

"என்னங்க, நான் வந்துட்டேன்" என்றாள்.

"அம்மா வீட்டுக்குத்தானே போறே. போயிட்டு வா" என்றது ஹெட்போனில் அவன் குரல்.

கதவு இறங்கியது.

கனி எழுந்து நின்ற இடத்தில் சுவர் வெள்ளையாக இருந்தது. மருந்து வாசனை அடித்தது. அடுக்களை இருந்த இடத்தில் சாய்வு நாற்காலி ஒன்றில் ஒரு பெரியவர் வாயைத் திறந்தபடி படுத்திருந்தார். அவருடைய பல்லை ஒரு டாக்டர் ராவிக்கொண்டிருந்தார். டாக்டர் வலது கையால் ராவியபடியே இடது கையால் கதவைக் காட்டினார். வெளியே பத்துப் பன்னிரண்டு பேர் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"டோக்கன் எடுத்தீங்களா?"

"நான் இங்க பொறந்தவ."

"அப்ப இப்படிப் போகக்கூடாதுக்கா" என்று அந்தப் பெண் சுவரில் இருந்த பலகையைக் காட்டினாள். *இவ்வீட்டில் பிறந்தவர்கள் பின்வாசல் வழியாகச் செல்லவும்* என்று அதில் எழுதியிருந்தது. கனி பின்வாசல் வழியாகப் போனாள். கொல்லைப்புறத்தில் சிமெண்ட் பூசி மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தியிருந்தார்கள்.

தெருவில் நின்று அண்ணனுக்குப் போன் போட்டாள். மதினி எடுத்தாள். வீட்டைக் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது, பைபாஸ் பக்கம் புது வீட்டுக்கு வந்தாயிற்று என்று சொன்னாள்.

"எங்கிட்டச் சொல்லவேயில்லையே, மதினி."

"ஒங்க வீட்டுக்காரர்ட்ட ஒங்கண்ணன் அன்னைக்கே சொல்லிட்டாகளே."

கனி செல்போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "இப்ப நான் அங்க வரட்டுமா?" என்று கேட்டாள்.

"வாரதுக்கென்ன. ஆனா ஒண்ணு கனி, இது நாங்க கட்டின வீடு. இங்க ஒங்க வீட்டாளுக யாரும் பொறக்கல" என்றாள் மதினி. குக்கர் சத்தம் கேட்டது. "அடுப்புல வச்சிருக்கேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

அடுத்துத் தங்கவேலைக் கூப்பிட்டாள். மண்டபத்தில் ஒரே இரைச்சலாக இருந்தது.

"ஜெயிச்சுட்டோம் கனி! கப்பு அம்மா கைல குடுத்திருக்காங்க. அம்மாவுக்கு அழுகையே வந்துருச்சு."

"எங்க வீட்ட வித்தது உங்களுக்குத் தெரியுமா?"

"அட, ஆமா. உங்கண்ணன் கூப்பிட்டாரு. சொல்லணும்னே இருந்தேன், ஆட்டத்துக்கு முன்னாடி உம் மனசக் கெடுக்க வேண்டாம்னு விட்டுட்டேன்." யாரோ அவனைப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். "சரி, எந்த பஸ்ஸுல வர்றே? சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்கு வர்றாங்க. முப்பது பேருக்குச் சாப்பாடு வேணும்."

கனி செல்போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். தார் ரோட்டில் வெறுங்காலோடு, நிழல் கிடைத்த பக்கமெல்லாம் ஒதுங்கி ஒதுங்கி, பேருந்து நிலையத்துக்கு நடந்தாள். பட்டுச்சேலையைப் பார்த்து எந்த வீட்டுக் கல்யாணம் என்று ஒரு பூக்காரி விசாரித்தாள். கனி அவளிடம் ஒரு முழம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள். கால் சுட்டதால் அதையே கவனித்துக்கொண்டிருந்துவிட்டாள்.

கோயம்புத்தூர் வண்டி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. உட்கார இடமும் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு வண்டி நின்றது. நெற்றிப் பலகையில் *ஒன்பதாம் கோள் - வழி சாத்தூர், விருதுநகர்* என்று எழுதியிருந்தது. கண்டக்டர் படியில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"இது எப்ப போய்ச் சேரும்ணே?"

"காலைல போயிரும். சாத்தூர்ல டீக்கு நிப்பாட்டுவோம்."

"டிக்கெட் எவ்வளவு?"

"பொம்பளையாளுகளுக்குக் கிடையாதும்மா. ஏறுங்க."

கோயம்புத்தூர் வண்டி நகர்ந்து வாசலைத் தாண்டும்வரை கனி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஏறினாள்.

மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். செங்கல் நிறம், நாலு கைகள், மஞ்சள் பூசிய முகம். இரண்டு கைகளால் குழந்தையைப் பிடித்திருந்தாள், ஒரு கையில் கடலைமிட்டாய்ப் பொட்டலம் இருந்தது. நாலாவது கையால் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கனிக்கு இடம் விட்டாள்.

"எந்த ஊர்ல கட்டிக்குடுத்திருக்கு?" என்று கனி கேட்டாள்.

"கயத்தாறுக்கா."

"இப்ப அம்மா வீட்டுக்கா?"

"ஆமாக்கா. ஆறு வருசம் கழிச்சு இப்பத்தான் அனுப்புதாக."

வண்டி பின்னால் போய்த் திரும்பியது. கண்டக்டர் விசில் ஊதினார்.

"அண்ணன் இருக்காரா?"

"இருக்காரு."

"மதினி?"

அந்தப் பெண் குழந்தையின் வாயில் ஒரு துண்டு கடலைமிட்டாயை உடைத்து வைத்தாள். பிறகு கனிக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். இரண்டு பேரும் மென்றுகொண்டிருந்தார்கள். வண்டி சாத்தூர் ரோட்டில் ஏறியது.