கல்லுக்கடியில் சோறு

பர்ஸான் வீட்டை விட்டுப் போய் இருநூற்றுப் பதினாறு மணித்தியாலங்கள் ஆகியிருந்தன. அவருடைய கடல்மீன் தொட்டியில் ஒரேயொரு கோமாளி மீன் மிஞ்சியிருந்தது. இறால்கள் இரண்டும் மூன்றாம் நாளே செத்தன. நீல மீன் நேற்றுக் காலை பக்கவாட்டில் மிதந்தது. பவளங்கள் சுருங்கிவிட்டன, அவற்றின் மேல் பச்சைப் பாசி மயிர் போல வளர்ந்து, தண்ணீரோடு அசைந்தது.

அவர் வேலையாகக் கொழும்புக்குப் போயிருக்கிறார் என்று உம்மாவிடம் சொல்லியிருந்தேன். எனக்குச் சீதனமாகக் கட்டிய இந்த வீட்டுக்கு அவர் கொண்டுவந்தது ஒரு சூட்கேஸும் இந்தத் தொட்டியும்தான். யார் விசாரித்தாலும் உம்மாவிடம் ஒரே பதில் இருந்தது. "மீன விட்டுட்டு மருமகன் எங்க போவார்?" கடைசி மீனும் செத்தால் அந்தப் பதிலும் இல்லை.

நான் விஞ்ஞானப் பட்டதாரி. காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கினேன். விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்தேன், பாசி வளர்ந்தது. உப்பை அளந்தேன், சரியாக இருந்தது. பாதித் தண்ணீரை மாற்றினேன். மறுநாளே நைத்திரேற்றுச் சோதனைக் குழாய் கடும் சிவப்பானது, உள்ளே எதுவோ அழுகுகிறது என்று அர்த்தம். பவளக்கல்லை மட்டும் நான் தொடவில்லை. அதை அந்த இடத்தில் வைத்தது அவர்.

இன்று லுஹர் தொழுதுவிட்டு அதைத் தூக்கினேன். அடியில் ஒரு பிடி சோறு, ஊறி, நொதித்துக் கிடந்தது. அவித்த முட்டையின் மஞ்சள் கருவும் இருந்தது. அறை முழுக்க நாறியது.

உம்மா சோற்றுப் பீங்கானோடு வந்தார்.

"நீங்களா உம்மா இதுக்குள்ள சோறு போடுற?"

"வேற ஆரு? நீ போடுற தூள் அதுகள்ர பல்லுக்கும் காணாது. மருமகன் வந்தா, மாமி என்ட மீனப் பட்டினி போட்டுட்டா எண்டு நினைக்கமாட்டாரா?"

"சோறு அழுகித்தான் எல்லாம் செத்திருக்கு."

"ஓம், பெரிய படிப்புப் படிச்ச புள்ள. ஒரு மீனக் காப்பாத்தத் தெரியா." உம்மா சிரித்தார். "அவர் வாற நேரம் இந்த ஒண்டாவது கொழுத்திருக்கட்டும்."

மீன் மேலே வந்து, மூச்சுக்காக வாயைத் திறந்து மூடியது.

"பாரு, பசி."

உம்மா சோற்றை விரலால் மசித்துத் தண்ணீருக்கு மேல் நீட்டினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். விரலிடுக்கிலிருந்து பருக்கைகள் ஒன்றொன்றாக விழுந்தன. மீன் அவற்றைப் பார்க்கவேயில்லை.

"போடாதங்க உம்மா. அவர் வரமாட்டார். தலாக் சொல்லிட்டுத்தான் போனார்."